தக்காளிக்கு ஒதுக்கிய அறை

1

திருவனந்தபுரம் வலியசாலையிலிருந்து என் சிநேகிதன் ராஜு போன வாரம் வீடியோவில் கூப்பிட்டான். எனக்குப் பின்னால் ஜன்னல் நிறையப் பனி. முன்னால் தரையில் செய்தித்தாளை விரித்து, சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு, ஒரு பழைய தயிர் டப்பாவில் தக்காளி நாற்றை நட்டுக்கொண்டிருந்தேன். அவன் டப்பாவையும் ஜன்னலையும் மாறிமாறிப் பார்த்தான்.

"எடா, நோக்கு வட்டாயிடுத்தா? அங்கே கடையில தக்காளி கெடைக்காதாக்கும்?" என்றான்.

புத்தி பிசகிவிட்டதா என்று அவன் கேட்டதில் தப்பே இல்லை. திருவனந்தபுரத்தில் பிறந்தவனுக்கு, செடி வளர்ப்பது ஒரு வேலை என்றே தோன்றாது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் நட்டு நான் பார்த்ததில்லை. அழுகின தக்காளியைக் கிணற்றடிப் பக்கம் எறிவார்கள். ஜூன் பிறந்ததும் இடவப்பாதி மழை வரும். ஒரு மாதத்தில் அங்கே ஒரு கொடி படர்ந்திருக்கும். காந்தாரி மிளகாய்க்கு அந்த எறிகிற சிரமமும் வேண்டாம். ஏதாவது குருவி தின்றுவிட்டு மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்து எழுந்து போனால் போதும். காரைப் பிளவில் செடி வந்துவிடும். அதைப் பிடுங்கிப்போட ஆள் தேடுவதுதான் எங்களுக்கு வேலை.

நான் இருக்கும் சஸ்கட்டூனில் கதை வேறு. கனடாவின் நடுவில் தட்டையாகக் கிடக்கிற ஊர் இது. கல்யாணமான புதிதில் பொன்முடி மலைக்குப் போய் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிய ஆள் நான். அதைக் குளிர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே மே மாதக் கடைசிவரை எந்த ராத்திரியிலும் உறைபனி விழலாம். அதன் பிறகு கிடைக்கிற கோடை, தக்காளி முளைத்து, பூத்து, காய்த்து, பழுக்கக் காணாது. அதனால் பனி இருக்கும்போதே வீட்டுக்குள் விதைக்க வேண்டும். சின்னக் குழித்தட்டில் முளைத்த நாற்றைப் பெரிய டப்பாவுக்கு மாற்றி, அது வேர் நிறைந்ததும் இன்னும் பெரிய தொட்டிக்கு மாற்றி, ஜூன் வரும்வரை விளக்கு வெளிச்சத்தில் காப்பாற்ற வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிறவன் நாற்று, வேர் என்று ஆரம்பித்ததும் கொட்டாவி விடாதீர்கள். மண்ணைவிட்டுப் பெயர்ந்த என் சோகத்துக்கு அதை உவமையாக்க மாட்டேன். நான் சொல்ல வந்தது ஓர் அறையைப் பற்றி. போன வருஷம் இதே சமயத்தில் அந்த அறையில் நடந்தது இன்னும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

2

எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறைகள். சின்னது தெற்குப் பார்த்தது. குளிர்காலத்திலும் பகல் முழுக்க வெயில் உள்ளே வந்து விழும். நாலு வருஷத்துக்கு முன்பு அந்த அறைக்கு இளமஞ்சள் சாயம் அடித்தோம். என் மனைவி சுபா முதல் தடவை உண்டாகியிருந்த சமயம். இங்கே குழந்தை பிறப்பதற்கு முன்பே சிநேகிதர்கள் கூடிக் கேக் வெட்டுவார்கள், பரிசு கொடுப்பார்கள், குழந்தைக்கு அறை தயார் செய்வார்கள். நாங்களும் செய்தோம். மரக்கட்டில், குட்டிச் சட்டைகள், சுவரில் ஓர் ஆனைக்குட்டிப் படம்.

அம்மா வலியசாலையிலிருந்து போனில் பார்த்தாள். "நம்மாத்துல கொழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணும் வாங்கி வெக்கற வழக்கமில்லை, கேட்டியா மணி? ஒரு துண்டுத் துணிகூட. பழைய வேஷ்டியக் கிழிச்சுத் தோச்சு வெச்சா மதி, அதுவே போறும்" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். ஆறாவது மாதத்தில் அந்தக் குழந்தை போய்விட்டது.

அதன் பிறகு அம்மா அந்த வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவள் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கட்டிலைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி, எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்தினோம்.

இரண்டாம் தடவை டாக்டர் நல்ல சேதி சொன்னபோது, காரில் ஏறியதும் சுபா சொன்ன முதல் வாக்கியம், "ஒண்ணும் வாங்கப்படாது." நான் மறுபேச்சுப் பேசவில்லை. என் பகுத்தறிவெல்லாம் ஸ்கேன் அறையின் வாசல்வரைதான். உள்ளே போனால் அம்மா சொன்னதுதான் நினைவுக்கு வரும். அம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. ஒரு பொத்தான்கூட வாங்கவில்லை.

ஐந்து மாதம் முடிந்த சமயம், பிப்ரவரி மாதக் கடைசியில், நான் வேலைவிட்டு வந்தபோது அந்தச் சின்ன அறையின் கதவு திறந்திருந்தது. சுபா தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் விதைப் பொட்டலங்கள், குழித்தட்டுகள், நீளமான இரண்டு விளக்குகள், அடியில் சூடு கொடுக்கிற ஒரு விரிப்பு.

"சும்மா இருக்கப் பேடியா இருக்கு. கைக்கு ஏதானும் ஒரு ஜோலி வேணும். இந்த ரூம் இனிமே தக்காளிக்காக்கும்" என்றாள்.

அவள் பயத்தை அவள் வாயாலேயே சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, விளக்கைத் தொங்கவிடக் கயிறு கட்டிக் கொடுத்தேன்.

தக்காளி ஒரு வாரத்தில் முளைத்தது. மிளகாய் எங்கள் பொறுமையைச் சோதித்தது. இனி வராது என்று முடிவுகட்டிய பிறகு, ஒரு காலையில் மண்ணில் வெளுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. கழுத்தை மண்ணுக்குள் மாட்டிக்கொண்டு, தலையை வெளியே இழுக்க முட்டிமோதிக்கொண்டிருந்தது. சாயந்திரம் பார்த்தால் நிமிர்ந்து நின்றது; விதைத்தோலை இன்னும் தலையில் மாட்டியிருந்தது. வெளியே மைனஸ் இருபது. நாங்கள் இருவரும் முழங்காலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குழிக்கு மூன்று விதை போட்டிருந்தாள். மூன்றும் முளைத்தால், வலுவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கத்தரித்துவிட வேண்டும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. சுபா கத்தரிக்கோலை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"எல்லாம் இருக்கட்டும்" என்றாள்.

3

ஏப்ரல் நடுவில் மறுபடியும் ஒரு பனிப்புயல் அடித்தது. அன்று சுபாவுக்கு வலி வந்துவிட்டது. ஏழாவது மாதம் இன்னும் முடியவில்லை. ஆம்புலன்ஸ், ஆபரேஷன், எனக்கு மாட்டிவிட்ட நீலத் தொப்பி எல்லாம் துண்டுதுண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. பெண் குழந்தை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். என் உள்ளங்கையில் தலையை வைத்தால் கால் முழங்கைவரைகூட வராது. தோல் அத்தனை மெல்லிசு, உள்ளே நீல நரம்பு ஓடுவது தெரிந்தது. மூக்கில் குழாய். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வட்டத் துவாரத்தில் கையை விட்டு, நர்ஸ் சொன்னபடி, என் சுண்டுவிரலை அவள் கையருகே வைத்தேன். பிடித்துக்கொண்டாள். ஒரு பிடி என்று சொல்ல முடியாது, ஆனால் விடவில்லை. அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று இன்னமும் தெரியவில்லை.

அம்மா பிரசவத்துக்கு மே மாதம் வருவதாக இருந்தது. விசாவுக்கு எழுதிப் போட்டு, கொச்சிக்குப் போய்க் கைரேகை கொடுத்து, காகிதங்கள் எங்கேயோ நகராமல் கிடந்தன. ஊருக்குத் திரும்பிப் போக என்ன காரணம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"தெனமும் ஆத்துல வெளக்கேத்தணும். இதைவிட என்ன காரணம் வேணும் அவாளுக்கு?" என்றாள் அம்மா. குழந்தை பிறந்த நேரத்தைச் சொன்னதும் நட்சத்திரம் பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுத்தாள். கனடா நேரத்தை இந்திய நேரமாக மாற்றினால் மறுநாள் காலையாகிவிடுகிறது. எந்த நாளை எடுப்பது என்று வாத்தியாரைக் கேட்கப் போனவள், திரும்பி வந்து, "அது இருக்கட்டும். மூச்சு விடறாளா?" என்று கேட்டாள்.

சுபா அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. டாக்டர்கள் காலையில் கூட்டமாக வந்து எடை, ஆக்ஸிஜன், ரத்தம் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் போனதும் என்னிடம் திரும்பி, "செடிக்குத் தண்ணி விட்டேளா?" என்பாள்.

முதல் இரண்டு தடவை எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாம் தடவைதான் புரிந்தது. ஒன்றைப் பற்றிக் கேட்க அவளுக்குத் துணிவில்லை. ஆகவே இன்னொன்றைப் பற்றிக் கேட்கிறாள். நான் பொய் சொல்லாமல் பதில் சொல்ல வேண்டுமானால், வீட்டுக்குப் போய் அந்த அறையைத் திறந்தாக வேண்டும்.

திறந்தேன். நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கி, வெளிறி, விளக்கைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. இலையின் அடிப்புறம் ஊதா ஓடியிருந்தது. தட்டைத் தூக்கிப் பார்த்தால், குழிகளின் அடித்துவாரம் வழியாக வேர்கள் வெளியே தொங்கின.

அப்படியே சுபாவிடம் சொன்னேன். அவள் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் தானாக நிமிர்ந்தது அப்போதுதான். "பெரிசா எதுலயாவது மாத்தணும். இல்லேன்னா நின்னுபோயிடும்" என்றாள்.

4

தயிர் சாதம் சாப்பிடுகிற குடும்பத்துக்கு டப்பாப் பஞ்சம் கிடையாது. அடுப்படி அலமாரியில் தூக்கிப்போட மனசில்லாமல் அடுக்கி வைத்திருந்த தயிர் டப்பாக்களை எல்லாம் இறக்கினேன். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட வேண்டும். ஊரில் ஆணியைக் காய்ச்சிப் போடுவார்களே என்று ஒரு கம்பியை அடுப்பில் காய்ச்சிப் பிளாஸ்டிக்கில் குத்தினேன். புகை கிளம்பி, கூரையில் இருந்த அபாயமணி ஊரைக் கூட்டியது. துண்டை வீசி அதை அடக்குவதற்குள் பஞ்சாபிக்காரர் ஓடிவந்துவிட்டார். மிச்ச ஓட்டைகளை அவருடைய துளைக்கருவியால் போட்டோம்.

சுபா ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் இருந்தாள். நான் போனைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

"தண்டைப் பிடிக்கப்படாது. இலையைப் பிடிச்சுத் தூக்குங்கோ" என்றாள்.

"ஏன்?"

"இலை போனா வேற வரும். தண்டு நசுங்கினா போச்சு."

மூன்று நாற்றுகளும் ஒரே குழியில் வேர் பின்னிக்கொண்டிருந்தன. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மண்ணோடு முக்கி, மெதுவாக அலசினேன். மண் கரைந்ததும் வேர்கள் தாமாகவே அவிழ ஆரம்பித்தன. வெள்ளை நூல்கள். திருவனந்தபுரத்தில் இத்தனை வருஷம் வாழ்ந்தும் நான் ஒரு செடியின் வேரை இப்படிப் பார்த்ததே இல்லை.

"தக்காளிய ஆழமா வெக்கணும். அடி இலையெல்லாம் கிள்ளிட்டு, கழுத்துவரைக்கும் மண்ணைப் போடுங்கோ."

"மூச்சு முட்டாதா?"

அவள் பல நாள் கழித்துச் சிரித்தாள். "தண்டு மேல பொடி மயிர் இருக்கு பாருங்கோ. மண்ணு பட்ட எடத்துலேர்ந்து வேர் விடும்."

நான் நம்பவில்லை. ஆனாலும் நட்டேன். மிளகாயை மட்டும் இருந்த ஆழத்திலேயே வைக்கச் சொன்னாள். மிளகாய்க்கு மூக்குமேல் கோபம். இடம் மாற்றியதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்துகொண்டது.

ஒரு தக்காளி நாற்றை மட்டும் சந்தேகத்தின் பேரில் கண்ணாடி டம்ளரில் நட்டிருந்தேன். ஒரு வாரத்தில், நான் புதைத்த தண்டின் ஓரங்களிலிருந்து வெள்ளையாக வேர் கிளம்பிக் கண்ணாடியில் வந்து முட்டிக்கொண்டிருந்தது. சும்மா ஒரு தண்டு. நேற்றுவரை காற்றில் நின்றது. மண் தொட்டதும், தான் வேராகவும் முடியும் என்று அதற்கு எப்படித் தெரிந்தது? நான் அந்த டம்ளரை ஆஸ்பத்திரிக்கே எடுத்துக்கொண்டு போக நினைத்தேன். மண்ணை உள்ளே விடமாட்டார்கள். படம் எடுத்துக் காட்டினேன். சுபா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

5

குழந்தை இருந்த வார்டுக்குள் போகுமுன் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் தக்காளி இலை வாசனை லேசாக விரலில் தங்கும். சுபா என் கையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு எல்லாத்தையும் தொட்டிருக்கேள்" என்பாள். வேலைக்கு வந்தவனிடம் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி இருக்கும்.

கேரல் என்றொரு நர்ஸ். உயரமானவர், பேச்சில் சுருக்கம். ஒருநாள் என்னைச் சாய்வு நாற்காலியில் உட்காரச் சொல்லி, சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொல்லி, குழந்தையை என் நெஞ்சின் மேல் வெறும் தோலோடு வைத்துப் போர்த்திவிட்டார். குழாய்கள் என் தோளைச் சுற்றிப் போயின. ஏதாவது பேசுங்கள், உங்கள் குரல் அவளுக்குத் தெரியும் என்றார்.

என்ன பேசுவது, எந்த மொழியில் பேசுவது? தாலாட்டு ஒன்றும் தெரியாது. கடைசியில் என் வாயில் வந்தது பஸ் கண்டக்டர் பாட்டு. "தம்பானூர், கிள்ளிப்பாலம், கரமனை, பாப்பனம்கோடு, நேமம், பாலராமபுரம்..." நெய்யாற்றின்கரை தாண்டி, களியக்காவிளை தாண்டி, தக்கலைக்கு வருவதற்குள் பக்கத்துத் திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த இதயத்துடிப்பு எண் நிதானப்பட்டுவிட்டது. நாகர்கோவில்வரை போய்த் திரும்பி வந்தேன். நெஞ்சில் அவள் இருக்கிற கனமே தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது. இவ்வளவு சின்ன உடம்பு, அதற்குள் எல்லாம் வைக்கப்பட்டு, எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கிறது. பயமும் சந்தோஷமும் பிரிக்க முடியாமல் ஒன்றாக இருந்தன.

சுபா தன் முறை வந்தபோது மலையாளத்தில் பேசினாள். அது அவள் பள்ளிக்கூடத்து மொழி. மனசு இளகினால் அதில்தான் வரும். தக்காளியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் குழாய் ஒன்று எடுத்தார்கள். பிறகு கண்ணாடிப் பெட்டியிலிருந்து திறந்த கட்டிலுக்கு மாற்றினார்கள். வீட்டில் நாற்றுகள் மறுபடியும் வேர் நிறைந்து, நான் அவற்றை இரண்டாம் தடவை இன்னும் பெரிய தொட்டிகளுக்கு மாற்றினேன். அறையில் கால் வைக்க இடமில்லை. ஒருநாள் விளக்கடியில் மஞ்சளாக முதல் பூ.

6

கேரல் ஒருநாள் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்வதாகச் சொன்னார். பிறகு, படுக்கை எங்கே போட்டிருக்கிறீர்கள், காரில் வைக்கிற இருக்கை வாங்கியாயிற்றா என்று கேட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எங்கள் வழக்கத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய கட்டிலைப் பற்றியும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "புரிகிறது. ஆனால் அன்று ராத்திரி அவள் எங்காவது தூங்க வேண்டுமே. அது இல்லாமல் நான் அனுப்ப முடியாது" என்றார். குறைமாதக் குழந்தை என்பதால் அவரே வந்து வீட்டைப் பார்க்கவும் வேண்டும்.

சுபா என்னிடம் தீர்மானமாகச் சொன்னாள். "வேண்டாம். உள்ள வந்தப்பறம் வாங்கலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணும் வேண்டாம்." படுக்கை இல்லாமல் குழந்தை வராது, குழந்தை வராமல் படுக்கை கூடாது. அம்மாவைக் கூப்பிட்டேன். நீ சொன்னால் சுபா கேட்பாள் என்றேன்.

"என்னைச் சொல்லச் சொல்லாதேடா. எனக்கும் பேடிதான்" என்றாள் அம்மா.

இரண்டு நாள் கழித்துக் கேரல் வீட்டுக்கு வந்தார். சுபாவும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட வந்தாள். அவளை ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்த பிறகு ராத்திரி தூங்க வீட்டுக்கு வருவாளே தவிர, அந்த அறையை அவள் எட்டிப்பார்ப்பதில்லை. என் வாயால் கேட்டுக்கொள்வதோடு சரி. கேரல், குழந்தைக்கு எந்த அறை என்று கேட்டார். வேறு அறை இல்லை. கதவைத் திறந்தேன்.

வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் விளிம்பு, மேஜை, தரை எல்லாம் செடி. தக்காளி என் இடுப்பளவுக்கு வந்திருந்தது. மஞ்சள் பூக்கள். மிளகாயில் வெள்ளையாகச் சின்னப் பூக்கள். அந்த இலை வாசனை முகத்தில் அடித்தது. கேரல் வாசலிலேயே நின்றுவிட்டார். தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டதாகத் தோன்றியது.

சுபா உள்ளே போனாள். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஜன்னல்வரை நடந்தாள்.

"ஒண்ணையும் களையலையா?"

"இல்லை. நீ எல்லாம் இருக்கட்டும்னு சொன்னியே."

"எல்லாம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு."

அவள் வெளியே பார்த்தாள். வேலி ஓரம் பனி கிடந்த இடத்தில் புல் பச்சையாகத் தலைகாட்டியிருந்தது.

"நான் இதையெல்லாம் எப்ப வெதைச்சேன்? பிப்ரவரில. வெளியில என்ன இருந்தது அப்போ? ஒண்ணுமில்லை, வெறும் பனி. ஜூன் வரும்னு எனக்கு யார் சொன்னா?" என்றாள். "ஒண்ணும் பண்ணப்படாது, பண்ணப்படாதுன்னுட்டு, இந்த ரூம்ல உக்காந்து இத்தனை நாளா நான் என்னதான் பண்ணிண்டிருந்தேன்?"

உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். கேரலுக்கு எங்கள் பேச்சு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஒரு தொட்டியைத் தூக்கி, இதை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார்.

மூன்று பேருமாகச் செடிகளைக் கூடத்துக்கு மாற்றினோம். அறை காலியாகி, மஞ்சள் சுவர் தெரிந்தது. தரையில் சிந்திக் கிடந்த மண்ணைச் சுபா தானே கூட்டினாள். கூட்டிவிட்டுத் துடைப்பத்தை மூலையில் சாத்தி, "போட்டே. வாங்கோ, கடைக்குப் போலாம்" என்றாள். ஊரில் நாங்கள் எதையாவது மனசாரக் கைவிடும்போது சொல்கிற வார்த்தை, போட்டே.

கடையில் அவள் எதையும் விலை பார்த்து யோசிக்கவில்லை. கட்டில், மெத்தை, காரில் வைக்கிற இருக்கை, ஆறு குட்டிச் சட்டைகள். பணம் வாங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். எல்லாவற்றையும் பையில் போட்டுவிட்டு, ரசீதை நீட்டி, எல்லாரிடமும் சொல்வதைத்தான் எங்களிடமும் சொன்னாள். இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படாவிட்டால் மூன்று மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுவரலாம்.

நான் வாங்கக் கையை நீட்டினேன். சுபா என் கையைத் தாழ்த்தினாள். அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில், வேண்டாம் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "திருப்பிக் கொண்டுவரதுக்கு ஒண்ணுமில்லை. நம்ம பொண்ணு ஆத்துக்கு வரா" என்றாள்.

பிறந்த நாளிலிருந்து அதுவரை அவள் ஒருதடவைகூட 'நம்ம பொண்ணு' என்று சொன்னதில்லை.